சேர்வர் டிஸ்க்குகளின் உடல்நிலை: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாழைச்சேனை தொடங்கி அக்கரைப்பற்று வரை, கல்யாணப் போட்டோ எடுக்கும் ஸ்டூடியோக்கள், அச்சகங்கள், ரியூசன் நிலையங்கள், கூத்துப் பதிவுகளைச் சேர்த்து வைக்கும் ஊர் மன்றங்கள் என்று பலரிடம் இப்போது ஒரு ஸ்டோரேஜ் சேர்வர் இருக்கிறது. நான்கு ஹாட் டிஸ்க் போட்ட சின்னப் பெட்டியாக இருக்கும், இல்லாவிட்டால் லினக்ஸ் போட்ட பழைய கொம்பியூட்டராக இருக்கும். அவற்றைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஆட்கள் மாறினாலும் கேள்விகள் பெரிதாக மாறுவதில்லை. அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

டிஸ்க் சாகப்போவது முன்கூட்டியே தெரியுமா?

பெரும்பாலும் தெரியும். எப்போதும் தெரியாது. இரண்டையும் சேர்த்தே மனதில் வையுங்கள்.

ஒவ்வொரு டிஸ்க்கும் தன் நிலையைத் தானே எழுதி வைக்கிறது. எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை இடத்தில் படிக்க முடியாமல் போனது, எவ்வளவு சூடு என்று எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். இந்த ஏற்பாட்டுக்கு ஸ்மார்ட் என்று பெயர். யாராவது கேட்டால்தான் அது சொல்லும், கேட்காவிட்டால் பேசாமல் இருந்துவிடும்.

பேக்பிளேஸ் என்ற அமெரிக்க பேக்கப் நிறுவனம் தன் டிஸ்க்குகளின் கணக்கை வருடக்கணக்காக வெளியிட்டு வருகிறது. 2016இல் அவர்கள் சொன்னபடி, பழுதான டிஸ்க்குகளில் நூற்றுக்கு 76.7இல், முக்கியமான ஐந்து ஸ்மார்ட் எண்களில் ஒன்றாவது பூச்சியத்தை விட்டு ஏறியிருந்தது. நல்லபடி ஓடிக்கொண்டிருந்த டிஸ்க்குகளில் அப்படி இருந்தவை 4.2 வீதம்தான். மிச்சக் கணக்கையும் பாருங்கள்: செத்தவற்றில் நூற்றுக்கு 23 அந்த ஐந்திலும் ஒரு அறிகுறியும் காட்டவில்லை. கூகுள் ஆய்வாளர்கள் 2007இல் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட டிஸ்க்குகளை வைத்துச் செய்த ஆய்வில், சொல்லாமல் போனவற்றின் பங்கு இதைவிடக் கூடுதலாக இருந்தது.

ஆகவே கண்காணிப்பு உங்களுக்கு அவகாசம் வாங்கித் தரும். பேக்கப்புக்குப் பதிலாக அது நிற்காது.

ஸ்மார்ட் கணக்கைக் கேட்டால் முப்பது வரி வருகிறது. எதைப் பார்ப்பது?

எல்லாவற்றையும் பார்க்கப் போனால் ஒரு வாரத்தில் அலுத்து விட்டுவிடுவீர்கள். ஒவ்வொரு வரிக்கும் ஓர் இலக்கம் இருக்கும், நான் பார்ப்பவை இவை.

5ஆம் எண்: கெட்டுப்போன செக்டர்களுக்குப் பதிலாக டிஸ்க் தன் கையிருப்பிலிருந்து எத்தனையை மாற்றிப் போட்டது என்ற கணக்கு. செக்டர் என்பது தகவல் எழுதும் சின்னக் கட்டம். வயலில் ஒரு வரவை உவர் பிடித்ததால் அதை விட்டுவிட்டுப் பக்கத்தில் விதைத்தது போலத்தான் இது. ஒன்றிரண்டு இருக்கலாம். கூடிக்கொண்டே போனால் வயல் முழுக்க உவர் ஏறுகிறது.

197ஆம் எண்: படிக்க முடியாமல் போய், என்ன செய்வது என்று முடிவாகாமல் நிற்கும் செக்டர்கள். என்னை அதிகம் பயப்படுத்துவது இதுதான். 5இல் சேர்ந்தவை மாற்றி முடிந்த கணக்கு. 197இல் நிற்பவற்றுக்குள் உங்கள் தகவல் இன்னும் மாட்டிக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தில் புதிதாக எழுதும்போதுதான், இடம் நல்லதா கெட்டதா என்று டிஸ்க் பார்த்து முடிவெடுக்கும்.

198, 187 இரண்டும் இதே குடும்பம், திருத்தவே முடியாத பிழைகளின் கணக்கு. 188 என்பது கட்டளை கொடுத்தும் டிஸ்க் நேரத்துக்குப் பதில் சொல்லாத தடவைகள். பேக்பிளேஸ் சொன்ன ஐந்தும் இவைதான்: 5, 187, 188, 197, 198. இவற்றோடு 199ஐ நான் சேர்த்துக்கொள்வேன். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

எல்லாக் கம்பனி டிஸ்க்குகளிலும் எல்லா எண்ணும் இருக்காது. இருப்பதைப் பாருங்கள். ஒவ்வொரு வரியிலும் பார்க்க வேண்டியது, கடைசி நிரலில் வரும் மூல எண்ணை.

என் டிஸ்க்கில் படிக்கும் பிழை என்று கோடிக்கணக்கில் ஒரு எண் நிற்கிறது. போச்சா?

சீகேட் டிஸ்க்காக இருந்தால் பயப்பட வேண்டாம். 1ஆம், 7ஆம் எண்களில் அவர்கள் பிழைக் கணக்கையும் மொத்த வேலைக் கணக்கையும் சேர்த்து ஒரே எண்ணாக வைக்கிறார்கள். அதனால் பார்க்கப் பெரிதாகத்தான் தெரியும்.

சோதனையில் பாஸ் என்று வருகிறதே, அது போதாதா?

போதாது. ஒவ்வொரு எண்ணுக்கும் டிஸ்க் செய்த கம்பனி ஒரு எல்லைக் கோடு வைத்திருக்கும். முக்கியமான ஓர் எண் அதைத் தாண்டினால்தான் பெயில் என்று வரும். கோடு மிகத் தாராளமாகப் போடப்பட்டிருக்கும். நூற்றுக்கணக்கான செக்டர் கெட்டும் பாஸ் காட்டிய டிஸ்க்குகளைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். பெயில் என்று வந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். பாஸ் என்று வந்தால் எண்களைப் பாருங்கள்.

197இல் 8 என்று வந்திருக்கிறது. என்ன செய்வது?

முதலில், அந்த 8ஐக் கண்டு எட்டு இடம் கெட்டது என்று நினைக்க வேண்டாம். இப்போதைய டிஸ்க்குகள் உள்ளே 4096 பைட் கட்டங்களாக எழுதி, வெளியே 512 பைட்டாகக் கணக்குக் காட்டுபவை. ஒரு கட்டம் படிக்க முடியாமல் போனால் பலவற்றில் எட்டு என்று ஏறும். அதனால்தான் அவற்றில் 8, 16, 24 என்று வரும்.

இரண்டாவது, அன்றைக்கே பேக்கப்பைச் சரிபாருங்கள். மேற்சொன்ன கூகுள் ஆய்வில், உள்சோதனையில் முதல் பிழை காட்டிய டிஸ்க், அடுத்த 60 நாளுக்குள் பழுதாகும் வாய்ப்பு, பிழை காட்டாததைவிட 39 மடங்கு கூடுதலாக இருந்தது.

கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். ஒரு ஊர் மன்றத்தில் வடமோடி, தென்மோடிக் கூத்துகளின் பழைய வீடியோ ஒளிநாடாக்களை எல்லாம் கொம்பியூட்டருக்கு ஏற்றி வைத்திருந்தார்கள். அதில் ஆடிக் காட்டிய அண்ணாவிமாரில் சிலர் இன்று இல்லை. திங்கட்கிழமை 197இல் 8. வியாழன் 24. ஞாயிறு காலை 112. நடுவில் ஒரு நாளும் டிஸ்க் நின்றுபோகவில்லை, படம் எல்லாம் சாதாரணமாகத்தான் ஓடியது. கோப்புகளைத் திறந்து பார்த்த எவருக்கும் ஒரு குறையும் தெரிந்திருக்காது. எண்ணைப் பார்த்த பையன் வியாழனே எனக்கு வட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பியதால் அன்றிரவே பிரதி எடுத்தோம், ஒன்றும் போகவில்லை. அடுத்த வாரம் அந்த டிஸ்க் சுழன்று எழும்பவே இல்லை.

நிலையாக நிற்கும் எண்ணைவிட ஏறும் எண் ஆபத்து. 5இல் 8 என்று வந்து ஒரு வருடமாக அசையாத டிஸ்க்கை, முக்கியமில்லாத வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரு வாரத்தில் இரண்டு தடவை ஏறியதை நான் வைத்துக்கொள்ள மாட்டேன்.

199 மட்டும் ஏறுகிறது, மற்றதெல்லாம் பூச்சியம். டிஸ்க்கை மாற்றவா?

அவசரப்பட வேண்டாம். 199 என்பது டிஸ்க்குக்கும் போர்டுக்கும் இடையில் போகும் வழியில் தகவல் சிதைந்த கணக்கு. குற்றம் பெரும்பாலும் சாட்டா கேபிளில் இருக்கும்.

நம் பக்கத்தில் இதைக் கொஞ்சம் கூடுதலாகவே காண்கிறேன். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. கரையோரத்தில் ஜன்னல் திறந்த அறையில் வைத்த சேர்வரின் கேபிளைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால், பொன்னிறமாக இருக்க வேண்டிய பற்களில் மங்கலான பச்சைப் படை தெரியும். உப்புக் காற்றின் வேலை அது. புதுக் கேபிள் போட்டுவிட்டு எண்ணை எழுதி வையுங்கள். 199 ஒருபோதும் குறையாது, மாற்றிய பிறகு அதே இடத்தில் நின்றால் வேலை முடிந்தது. இன்னும் ஏறினால் போர்டில் வேறு துளையில் செருகிப் பாருங்கள்.

ஈரப்பதத்தைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். வெளிக்காற்றைக் கொண்டே குளிரூட்டும் தரவு மையங்களை ஆராய்ந்து 2016இல் வந்த ஓர் ஆய்வும், டிஸ்க் பழுதுக்குச் சூட்டைவிட ஈரப்பதத்தையே பெரிய காரணமாகக் கண்டது. ஏசி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கடல் பக்கத்து ஜன்னலையாவது அந்த அறையில் மூடி வையுங்கள்.

எவ்வளவு சூடு வரை பொறுக்கும்?

பெரும்பாலான டிஸ்க்குகளுக்குக் கம்பனி சொல்லும் உச்சம் 60 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். சித்திரை வெயிலில் அறையே 34 பாகை இருக்கும்போது டிஸ்க் 42, 43 காட்டுவது இயல்பு. 45க்குக் கீழே வைக்கப் பாருங்கள், 50ஐத் தொட்டால் எச்சரிக்கை வரும்படி போடுங்கள். நான்கு டிஸ்க்கில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட எட்டுப் பத்துப் பாகை கூட இருந்தால், அதற்கு முன்னால் உள்ள மின்விசிறியில் தூசி அடைத்திருக்கும். தூரிகையால் துடைத்தாலே இறங்கிவிடும்.

கண்காணிப்பை எப்படி அமைப்பது?

லினக்ஸில் ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற இலவசத் தொகுப்பைப் போடுங்கள். அதில் இரண்டு இருக்கின்றன. ஸ்மார்ட்சிடிஎல் நீங்கள் கேட்கும்போது பதில் சொல்லும். ஸ்மார்ட்டி பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும், வேறு ஒன்றும் சொல்லாவிட்டால் 30 நிமிடத்துக்கு ஒரு தடவை டிஸ்க்கைப் பார்க்கும். சினோலொஜி மாதிரிப் பெட்டிகளில் இந்த வேலைக்கு மெனு இருக்கிறது.

டிஸ்க் தன்னைத் தானே சோதிக்கும் சோதனையும் இரண்டு வகை. குறுஞ்சோதனை ஓரிரு நிமிடத்தில் முடியும், தினமும் ஓடட்டும். நீள்சோதனை தட்டு முழுவதையும் படித்துப் பார்ப்பது. 8 டெராபைட் டிஸ்க்குக்கு அரை நாளுக்கு மேல் எடுக்கும். மாதம் ஒரு தடவையாவது ஓட வேண்டும். இரவில் கடையைப் பூட்டும்போது சேர்வரையும் நிறுத்திவிட்டுப் போகிறவர்கள், சோதனையை நள்ளிரவு இரண்டு மணிக்குப் போட்டு வைத்திருப்பதைப் பல தடவை கண்டிருக்கிறேன். உங்கள் சேர்வர் ஓடும் நேரத்தில் போடுங்கள். நீள்சோதனை நாளில் மட்டும் இரவு முழுக்க ஓட விடுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், எச்சரிக்கை யாருக்குப் போகிறது என்பது. ஒரு இடத்தில் டிஸ்க் இறந்த பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். உள்ளே பார்த்தால், சேர்வர் ஐந்து வாரமாக ஒழுங்காக மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. ஆனால் எல்லாம் அதே சேர்வருக்குள் இருக்கும் ரூட் என்ற நிர்வாகிக் கணக்கின் பெட்டிக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்தப் பெட்டியை ஒருவரும் ஒரு நாளும் திறந்ததில்லை. உங்கள் கைபேசிக்கு வரும் முகவரியைக் கொடுங்கள், டெலிகிராமுக்கு வரும்படியும் செய்யலாம். அப்புறம் சோதனை மடல் ஒன்றை அனுப்பச் சொல்லுங்கள், ஸ்மார்ட்டியில் அதற்கென்றே தெரிவு இருக்கிறது. மடல் வந்ததை உங்கள் கண்ணால் பார்த்தால்தான் கண்காணிப்பு ஓடுகிறது என்று அர்த்தம்.

இதோடு சாதாரணக் கொப்பி ஒன்றும் வையுங்கள். மாதம் முதலாம் திகதி ஒவ்வொரு டிஸ்க்குக்கும் 5, 197, 199, சூடு, ஓடிய மணி நேரம். ஐந்து நிமிட வேலை. ஏற்றம் இறக்கம் கொப்பியில் சட்டென்று கண்ணில் படும்.

யூஎஸ்பிப் பெட்டியில் போட்ட டிஸ்க் ஸ்மார்ட் காட்டவில்லையே?

நடுவில் இருக்கும் சிப் மறைக்கிறது. சில சிப்புகளுக்கு வகையைக் குறிப்பிட்டுக் கேட்டால் பதில் வரும், சிலவற்றுக்கு எப்படிக் கேட்டாலும் வராது. ரெய்டு என்பது, ஒரு டிஸ்க் போனாலும் தகவல் தப்பும்படி பல டிஸ்க்குகளைச் சேர்த்து வைக்கும் ஏற்பாடு. ரெய்டு கார்டுக்குப் பின்னால் இருக்கும் டிஸ்க்குகளும் இப்படித்தான், கார்டின் பெயரையும் டிஸ்க்கின் இலக்கத்தையும் சொல்லிக் கேட்க வேண்டும்.

ரெய்டு போட்டிருக்கிறோம். பிறகு எதற்கு இவ்வளவு கவலை?

ஒரு டிஸ்க் போனால் ரெய்டு 5 தாங்கும். கவலை அதற்கு அடுத்த நாள் தொடங்குகிறது. புது டிஸ்க்கைப் போட்டதும், மிச்சம் இருக்கும் டிஸ்க்குகளை முதலில் இருந்து கடைசி வரை படித்தால்தான் புதியதை நிரப்ப முடியும். அவை எல்லாம் அநேகமாக ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கியவை, ஒரே வயது. இரண்டு வருடமாக யாரும் திறக்காத ஒரு கல்யாண ஆல்பம் இருக்கும் இடத்தில் செக்டர் கெட்டிருந்தால், அது தெரியவருவது அந்த நேரத்தில்தான். அப்போது அதைத் திருத்தித் தர வேறு டிஸ்க் இல்லை.

இதற்கு வழி, எல்லா டிஸ்க்கும் நலமாக இருக்கும்போதே முழுவதையும் படித்துப் பார்ப்பது. ஸ்க்ரப் என்பார்கள். படிக்க முடியாத இடம் கண்டால் மற்ற டிஸ்க்குகளில் இருந்து எடுத்து அந்த இடத்தில் திரும்ப எழுதிவிடும், 197இல் நின்றதும் தீரும். டெபியன், உபுன்டு என்ற லினக்ஸ் வகைகளில், லினக்ஸின் சொந்த ரெய்டைப் போட்டால், மாதத்தின் முதல் ஞாயிறு இது தானாக ஓடும்படி வரும். இங்கும் அதே பேச்சுத்தான்: சேர்வர் அந்த நேரம் ஓட வேண்டும்.

பெரிய டிஸ்க்குகளை வைத்திருப்பவர்கள், இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும் ரெய்டு 6 போடுவது நல்லது.

சாதாரண கொம்பியூட்டர் டிஸ்க்கை சேர்வரில் போடலாமா? விலை குறைவு.

ஓடும். ஆனால் ஒரு செக்டரைப் படிக்க முடியாவிட்டால், சாதாரண டிஸ்க் நிமிடக்கணக்கில் முயன்றுகொண்டே இருக்கும். லினக்ஸ் 30 வினாடிதான் பொறுக்கும், அதற்குப் பிறகு டிஸ்க் செத்துவிட்டது என்று எண்ணி ரெய்டை விட்டுத் தள்ளிவிடலாம். சேர்வருக்கென்று செய்த டிஸ்க்குகள் ஏழு வினாடி அளவில் முயன்று, முடியவில்லை என்று சொல்லிவிடும், மற்ற டிஸ்க்குகள் தகவலைக் கொடுத்துவிடும். எஸ்எம்ஆர் வகையையும் தவிருங்கள். அதில் தகவல் வரிகள் கூரை ஓடு போல ஒன்றின் மேல் ஒன்று ஏறி இருப்பதால், ரெய்டைத் திரும்ப நிரப்பும்போது ஆமை வேகம்தான்.

கரண்ட் போய்ப் போய் வருவது டிஸ்க்கைக் கெடுக்குமா?

கெடுக்கும். படிக்கும் முனை, சுழலும் தட்டுக்கு மேலே சில நனோமீற்றர் உயரத்தில் மிதக்கிறது. கரண்ட் திடீரென்று போனால் அது அவசரமாக ஒதுங்க வேண்டும். அந்த அவசர ஒதுங்கல்களின் கணக்கு பல டிஸ்க்குகளில் 192ஆம் எண்ணில் இருக்கும். 2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது நினைவிருக்கும். அந்த வருடம் யூபிஎஸ் என்ற பற்றரிப் பெட்டி இல்லாமல் ஓடிய பெட்டிகளில் இந்த எண் ஏறியதைக் கொப்பியிலேயே பார்த்தேன்.

யூபிஎஸ் வாங்கினால் மட்டும் போதாது. அதன் யூஎஸ்பிக் கம்பியைச் சேர்வரில் செருகி, பற்றரி இறங்கும்போது சேர்வர் தானே ஒழுங்காக நிற்கும்படி அமைக்க வேண்டும். நட் என்ற இலவச மென்பொருள் அதற்கு இருக்கிறது. நம் வெக்கையில் பற்றரி இரண்டு மூன்று வருடத்தில் இறங்கிவிடும். சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி இடிக்கும்போது கரண்ட் பிளக்கோடு நெட்வேர்க் கேபிளையும் கழற்றுங்கள். மின்னல் ரவுட்டர் வழியாகவும் வரும்.

டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போடுகிறது.

நிறுத்துங்கள். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டாம், ஒவ்வொரு தடவையும் முனை தட்டைக் கீறலாம். பேக்கப் இருந்தால் புது டிஸ்க் போடுங்கள். இல்லாவிட்டால் அப்படியே எடுத்து, தகவல் மீட்பவர்களிடம் கொடுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் சரியாகும் என்று சொல்பவர்களைக் கேட்காதீர்கள், உள்ளே நீர் கோர்த்துக்கொள்ளும்.

எஸ்எஸ்டிக்கும் இதே எண்களா?

இல்லை. அது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் எழுதும் டிஸ்க். அதில் தேய்மான வீதத்தையும், மிச்சம் இருக்கும் கையிருப்பையும் பாருங்கள். எஸ்எஸ்டி போகும்போது பெரும்பாலும் சொல்லாமல் போகும்.

பழுதான டிஸ்க்கை மாற்றும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

சரியான டிஸ்க்கைக் கழற்றுவதை. ஓர் அச்சகத்தில் மூன்றாவது டிஸ்க் பழுது என்று வந்ததும், மேலிருந்து எண்ணி மூன்றாவதைக் கழற்றியிருக்கிறார்கள். சேர்வர் கீழிருந்து எண்ணியிருந்தது. நல்லது வெளியே, கெட்டது உள்ளே, ரெய்டு மொத்தமாக விழுந்தது. சேர்வர் நலமாக இருக்கும் இன்றைக்கே ஒவ்வொரு டிஸ்க்கின் தொடர் இலக்கத்தில் கடைசி நான்கு எழுத்துகளைச் சின்ன லேபலில் எழுதி, முன்னால் ஒட்டிவிடுங்கள். ஸ்மார்ட் காட்டும் இலக்கமும் லேபலும் ஒத்தால்தான் கையை வைக்க வேண்டும்.

இன்னொன்று, ஒரு டிஸ்க்கை முன்கூட்டியே வாங்கி அலுமாரியில் வையுங்கள். உங்களுக்கு வேண்டிய அளவு இங்கே கடையில் இல்லாவிட்டால் கொழும்பில் இருந்துதான் வர வேண்டும், 300 கிலோமீற்றருக்கு மேல். வருடப்பிறப்பு விடுமுறையில் ரெய்டு ஒற்றைக் காலில் நிற்க, பார்சலுக்குக் காத்திருப்பது பெரிய வேதனை.

பேக்கப்பை எங்கே வைப்பது?

சேர்வர் இருக்கும் அறையில் வைக்காதீர்கள். 2004 சுனாமியில் கரையோரத்தில் எத்தனை குடும்பங்களின் போட்டோக்கள் ஒன்றும் மிஞ்சாமல் போயின என்பது நம் எல்லோருக்கும் தெரியும். வாவிக்குக் கிழக்கே கடல் பக்கமான எழுவான்கரையில் சேர்வர் இருந்தால், ஒரு பிரதி மேற்கே படுவான்கரையில் உறவினர் வீட்டில் இருக்கட்டும். மாரியில் அந்தப் பக்கமும் வெள்ளம் ஏறும், அதனால் மேல்மாடியில். இன்னொன்றை இணையத்தில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஏதாவது ஒரு கோப்பைப் பிரதியிலிருந்து எடுத்துத் திறந்து பாருங்கள்.

கழற்றிய பழைய டிஸ்க்கை என்ன செய்வது?

உத்தரவாதக் காலம் இருந்தால் திருப்பிக் கொடுக்கலாம், ஆனால் முதலில் அழியுங்கள். அதில் இருப்பது அடுத்தவர் வீட்டுக் கல்யாணம், பிள்ளைகளின் படங்கள். இன்னும் ஓடுகிறது என்றால் முழுவதையும் ஒரு தடவை பூச்சியத்தால் நிரப்பினால் போதும். ஓடவே ஓடாது, உள்ளே இருப்பது வெளியே போகவும் கூடாது என்றால் உத்தரவாதத்தை மறந்துவிடுங்கள். பக்கத்துக் கம்மாலைக்குக் கொண்டுபோய்த் தட்டுகளின் ஊடாக மூன்று நான்கு துளை போட்டு வாங்குங்கள். சில டிஸ்க்குகளின் தட்டு கண்ணாடி, தெறிக்கும், அதனால் சாக்கில் சுற்றிக் கொடுங்கள்.